செயின்ட் எலிசபெத் மூடாக்கு, கிராய்டன் களிமண்ணில்

லண்டனின் தென்கோடியில், கிராய்டன் பக்கம், எங்களுக்கு அரை அலாட்மெண்ட் இருக்கிறது. உள்ளூர் மன்றம் ஆண்டு வாடகைக்கு விடும் காய்கறி நிலத்துக்கு இங்கே அந்தப் பெயர். பழைய அளவையில் முழு நிலம் 10 ராட், ஏறத்தாழ 250 சதுர மீட்டர். எங்களுடையது அதில் பாதி. இதில் என்ன விளைய வேண்டும் என்று தீர்மானிப்பது என் மாமியாரின் அடுப்பு. அவர் ஜமைக்காவின் தென்மேற்கில் உள்ள செயின்ட் எலிசபெத்தில் பிறந்தவர். 1961இல் செவிலியர் பயிற்சிக்காக லண்டன் வந்து இங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் விழுப்புரம் பக்கத்துக் கிராமம். கல்யாணமான நாளிலிருந்து அவரை அம்மா என்றுதான் கூப்பிடுகிறேன்.

அம்மா கேட்ட பயிர்கள் இவை: கலலூ என்கிற கீரை, ஸ்காட்ச் பானட் மிளகாய், தைம் என்கிற வாசனைத் தழை, ஸ்காலியன் என்கிற வெங்காயத்தாள், பூசணி, சோ சோ, சாரல், துவரை. சோ சோ நம் சௌசௌதான். சாரல் புளிச்சக்கீரைக் குடும்பத்துச் செடி. அதன் சிவப்புப் புல்லிதழை இஞ்சியோடு ஊறவைத்துக் குடிக்காமல் ஜமைக்கா வீட்டில் கிறிஸ்துமஸ் கிடையாது. இவற்றில் லண்டன் வானம் சிலதைக் கொடுக்கும், சிலதைக் கொடுக்கவே கொடுக்காது. எனக்கு அதிகம் சொல்ல இருப்பது கலலூ பற்றியும், அதன் மண்ணைப் போர்த்தப் போட்ட புல் மூடாக்கு பற்றியும்.

முதலில் மூடாக்கு. செயின்ட் எலிசபெத்தின் தென்பகுதி மழைமறைவுப் பிரதேசம். சாண்டா குரூஸ் மலைகள் மழையைப் பிடித்துக்கொள்ள, கடலோரச் சமவெளி காய்ந்து கிடக்கும். மண் செக்கச்சிவப்பு, பாக்சைட் கலந்தது. ஆறு, வாய்க்கால் பாசனம் என்று சொல்லிக்கொள்ள அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனாலும் ஜமைக்காவின் வெங்காயத்தாள், தைம், தக்காளி, தர்ப்பூசணியில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது. காரணம் கினியாப் புல். ஆளுயரம் வளர்ந்த புல்லை அறுத்து, காயவைத்து, நிலம் முழுக்கக் கனமாகப் பரப்பிவிடுவார்கள். அதை விலக்கி நடுவில்தான் நாற்று நடுவார்கள். வெயில் மண்ணைத் தொடாது. பெய்கிற கொஞ்ச மழை உள்ளேயே தங்கும். களை முளைக்காது. புல் மட்கியதும் அதன்மேல் அடுத்த அடுக்கு வரும்.

எங்கள் ஊரிலும் கினியாப் புல் உண்டு. என் அப்பா பம்புசெட் வாய்க்கால் ஓரம் நட்டு மாட்டுக்கு அறுத்துப் போடுவார். அம்மாவிடம் அதைச் சொன்னபோது, "மாட்டுக்கும் போடுவோம். ஆனால் முதலில் மண்ணுக்கு" என்றார். அவருடைய அப்பா புல்லுக்கென்றே ஒரு துண்டு நிலத்தை ஒதுக்கி வைத்திருந்தாராம். காய்கறி போட வேண்டிய இடத்தில் புல் வளர்ப்பதா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்களாம். எனக்கு அது விவசாயத்தில் நான் கேட்ட மிக நல்ல கணக்குகளில் ஒன்றாகப் படுகிறது.

சரி, கிராய்டனுக்கு வருவோம். இங்கே பிரச்சினை தலைகீழ். லண்டன் களிமண் குளிர்காலம் முழுக்கத் தண்ணீரைக் குடித்துக் கனத்துக் கிடக்கும், ஜூலையில் வெடித்துப் பாளம் பாளமாகப் பிளக்கும். ஈரமான நாளில் மண்வெட்டி போட்டால் கட்டி கட்டியாகப் பெயர்ந்து, காய்ந்ததும் செங்கல்லாகிவிடும். அதனால் கொத்துவதை விட்டுவிட்டோம். அக்டோபரில் களை மேலேயே அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்து, ஒட்டுநாடாவைக் கிழித்து எறிந்துவிட்டு, நன்றாக நனைத்து, அதன்மேல் ஒரு சாண் உயரம் மட்கிய உரம் கொட்டினோம். உரத்தில் பாதி எங்கள் குப்பைக்குழியில் தயாரானது, மீதி மூட்டையாக வாங்கியது. மண்புழுக்கள் அட்டையைத் தின்று வசந்தத்துக்குள் களிமண்ணையும் உரத்தையும் ஒன்றாக்கிவிடும்.

குதிரைச் சாணமும் வைக்கோலும் கிடைக்கிறதே என்று வாங்கிக் கொட்டுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மேய்ச்சல் நிலத்தில் அகன்ற இலைக் களைகளைக் கொல்ல அமினோபைராலிட் என்றொரு மருந்து அடிக்கிறார்கள். அது புல்லில் தங்கி, குதிரையின் வயிற்றைக் கடந்து, சாணத்திலும் சாகாமல் இருக்கும். தக்காளி, பீன்ஸ், உருளை எல்லாம் சுருண்டுபோகும். சோதிப்பது எளிது. சந்தேகப்படும் சாணத்தைக் கொஞ்சம் தொட்டியில் கலந்து நாலைந்து பீன்ஸ் விதை போடுங்கள். பக்கத்திலேயே வெறும் மண்ணில் இன்னொரு தொட்டி. மூன்று நான்கு வாரத்தில் முதல் தொட்டியில் மட்டும் இலை கிண்ணம்போலக் குவிந்தால் அந்தச் சாணம் வேண்டவே வேண்டாம். மூடாக்குக்கான புல்லுக்கும் இதே பயம் உண்டு. அதனால் நாங்கள் வெளியில் வாங்குவதில்லை. அலாட்மெண்ட் வேலியோரம் தன்னால் வளரும் நெட்டைப் புல்லை, விதை பிடிக்கும் முன் அரிவாளால் அறுத்து, இரண்டு வெயில் காட்டி எடுத்துக்கொள்கிறோம். கினியாப் புல்லின் கனம் இதற்கு இல்லை. வேலை செய்கிறது.

இப்போது கலலூ. விதை வாங்கும்போதே கவனமாக இருக்க வேண்டும். திரினிடாடில் கலலூ என்றால் சேம்பிலை போட்டுக் கடைவது. ஜமைக்காவில் அது நம் தண்டுக்கீரை, குப்பைக்கீரை இனம், அமராந்தஸ். அம்மாவின் கலலூவுக்குப் பச்சை இலை, தடித்த தண்டு, லேசான மண்வாசனை வேண்டும். சிவப்பு இலை வகையை வாங்கிக் கொடுத்தால் மரியாதைக்கு ஒரு வாய் சாப்பிடுவார்.

விதை கடுகைவிடப் பொடி, கறுப்பு, பளபளப்பு. ஒரு கிராமில் ஆயிரத்துக்கு மேல் இருக்கும். ஊரில் மணலோடு கலந்து பாத்தியில் தூவி, கையால் லேசாக விரவி, பூவாளியில் தண்ணீர் தெளித்தால் வேலை முடிந்தது. இங்கே நேரடியாகத் தூவுவது வீண். மண் 20 டிகிரியாவது சூடேறாமல் விதை அசையாது, முளைத்த தூசி போன்ற நாற்றை ஓடில்லா நத்தைகள் ஒரே இரவில் மேய்ந்துவிடும். ஏப்ரல் கடைசியில் குழித்தட்டில் தேங்காய் நார்த்தூளும் சலித்த உரமும் சமமாகக் கலந்து நிரப்பி, குழிக்கு ஒரு சிட்டிகை விதை, மேலே விதை மறையும் அளவுக்கு மட்டும் தூள், அப்புறம் தட்டை வீட்டுக்குள் ஜன்னலோரம் வைப்பது. சூட்டில் நாலைந்து நாளில் முளைத்துவிடும். இரண்டு இலை விட்டதும் குழிக்கு இரண்டு நாற்று நிறுத்தி மற்றதைக் கத்தரியால் வெட்டிவிடுவேன். பிடுங்கினால் பக்கத்து வேரும் சேர்ந்து வரும்.

மே கடைசி வாரம் வரை வெளியே நடக் கூடாது. லண்டனில் மே பாதியிலும் உறைபனி எட்டிப்பார்க்கும். நாற்றைப் பகலில் வெளியே, இரவில் உள்ளே என்று ஒரு வாரம் பழக்கிவிட்டு, ஒரு சாண் உயரம் வந்த பிறகு, ஒன்றரைச் சாண் இடைவெளியில் நடுகிறோம். ஆடிப்பட்டம் தேடி விதை என்று வளர்ந்தவளுக்கு இந்தக் காலண்டர் பழகச் சிரமமாகத்தான் இருந்தது. இங்கே ஆடி பிறக்கும்போது கலலூ இடுப்பளவு நிற்க வேண்டும். அப்போது விதைத்தால் ஒரு கட்டு பறிப்பதற்குள் பூத்துவிடும். பகல் குறையக் குறைய இந்தச் செடிக்குப் பூக்கும் அவசரம்.

புல் மூடாக்கு போடும் நேரத்தில்தான் செயின்ட் எலிசபெத் முறையை இந்த ஊருக்குத் தகுந்தபடி மாற்ற வேண்டியிருந்தது. அங்கே புல்லைப் பரப்பிவிட்டு நடுகிறார்கள். இங்கே மே மாதம் ஈரப் புல்லைப் பரப்பினால் இரண்டு தொல்லை. ஒன்று, சூடேறப் பார்க்கும் மண்ணை நாமே போர்த்திக் குளிரில் வைக்கிறோம். இரண்டு, நத்தைகளுக்குப் பகல் முழுக்க ஈரமான நிழல், இரவில் படுக்கையை விட்டு இறங்காமலே சாப்பாடு. அதனால் முதல் ஒரு மாதம் பாத்தி வெறும் மண்தான். ஜூன் கடைசியில் செடி முழங்காலைத் தொட்டு, தண்டு விரல் தடிமன் ஆனதும் ஒரு நல்ல மழைக்குக் காத்திருக்கிறோம். மழை விட்ட மறுநாள் காலை, காய்ந்த புல்லை நாலு விரல் உயரம் பரப்புகிறோம். தண்டைச் சுற்றி ஒரு கையகலம் சும்மா விட வேண்டும், ஒட்டிப் போட்டால் தண்டு அழுகும். புல் ஒரு வாரத்தில் படிந்து பாதியாகிவிடும். அப்போது இன்னொரு அடுக்கு.

பலன் தெரிந்தது 2022இல். அந்த ஜூலை 19ஆம் தேதி லிங்கன்ஷயரில் உள்ள கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவானது. இந்த நாட்டில் 40 டிகிரி தாண்டியது அதுதான் முதல் முறை. ஆகஸ்டில் தென்கிழக்கின் பல பகுதிகளில் ஹோஸ் பிடித்துத் தண்ணீர் பாய்ச்சவும் தடை வந்தது. அக்கம்பக்கத்து நிலங்களில் களிமண் விரல் நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது. எங்கள் கலலூ பாத்தியில் புல்லை விலக்கிக் கையை விட்டால் மண் குளிர்ந்து, பிடித்தால் உருண்டையாகும் பதத்தில் இருந்தது. வாரம் இரண்டு முறை பூவாளியில் வேரோரம் ஊற்றியதே போதுமாக இருந்தது. கலலூவும் வெயிலுக்குப் பிறந்த செடி. சோளம், கரும்பு மாதிரி இதுவும் சி4 வகை, கடும் வெயிலில் மற்றவை வாடும்போது இது கிடுகிடுவென்று வளரும். அந்தக் கோடையில் அம்மா பிளாஸ்டிக் நாற்காலியைப் பாத்தி ஓரம் போட்டு உட்கார்ந்து, புல்லைக் கைத்தடியால் கிளறிப் பார்த்துவிட்டு, "இப்போதுதான் இது நிலம் மாதிரி இருக்கிறது" என்றார்.

நத்தை விஷயத்துக்கு மருந்து தேடிப் பிரயோஜனம் இல்லை. மெட்டால்டிஹைட் கலந்த நீலக் குருணை முள்ளெலி, பறவைகளுக்கும் ஆபத்து என்பதால் 2022 மார்ச் இறுதியோடு வெளிப்பயன்பாட்டுக்குத் தடை செய்யப்பட்டது. செம்புப் பட்டை, முட்டையோடு, கம்பளி உருண்டை, மரப்பட்டை இவற்றையெல்லாம் ஆர்.எச்.எஸ் தோட்டக்கலைச் சங்கம் சோதித்துப் பார்த்து, செடிகள் கடிபடுவது எதனாலும் குறையவில்லை என்று 2018இல் சொல்லிவிட்டது. இந்த நாட்டில் சுமார் 44 வகை ஓடில்லா நத்தைகள் இருந்தும் தோட்டத்தை மேய்பவை அவற்றில் சிலவே. உடம்பில் சிறுத்தைப் புள்ளியோடு விரல் நீளம் இருக்கும் பெரிய வகை பூஞ்சையையும் அழுகலையும் தின்னும், மற்ற நத்தைகளையும் விடாது. அதை நாங்கள் குப்பைக்குழியில் கொண்டுபோய் விடுகிறோம்.

நத்தையைத் தின்னத் தவளை வரட்டும் என்றுதான் ஒரு சிறு குளம் வெட்டினோம். யாரோ சமையலறை மாற்றியபோது வெளியே வைத்திருந்த பழைய பீங்கான் தொட்டி ஒன்று கிடைத்தது. அதைப் பாத்தியின் வடக்கு ஓரம் விளிம்பு வரை புதைத்து, வடிகால் துளையை ரப்பர் அடைப்பானும் குளத்துக்கான சீலண்டும் வைத்து மூடினோம். அடியில் செங்கல், அதன்மேல் கற்கள் என்று ஒரு பக்கம் படியாக அடுக்கியிருக்கிறோம். அந்தப் படி இல்லாவிட்டால் உள்ளே விழுந்த முள்ளெலியும் குட்டித் தவளையும் ஏற முடியாமல் செத்துப்போகும். குழாய்த் தண்ணீரில் சத்து அதிகம், பாசி பிடிக்கும், ஆகவே கொட்டகைக் கூரையிலிருந்து பீப்பாயில் விழும் மழைநீரைத்தான் ஊற்றினோம். தண்ணீருக்குள் ஹார்ன்வர்ட் என்ற பாசிச்செடி, ஓரத்தில் மார்ஷ் மேரிகோல்டு. மீன் விடக் கூடாது, முட்டையையும் தலைப்பிரட்டையையும் தின்றுவிடும்.

வேறு குளத்திலிருந்து தவளை முட்டை கொண்டுவந்து விடலாமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். வேண்டாம் என்றோம். ரானாவைரஸ் போன்ற நோய்கள் அப்படித்தான் குளத்துக்குக் குளம் பரவுகின்றன. தண்ணீர் இருந்தால் தவளை தானே வரும். வந்தது. பிப்ரவரி கடைசியில் ஒரு காலை, ஜவ்வரிசிக் கஞ்சியை ஆறவைத்தது போல ஒரு திரள் தண்ணீர்மேல் மிதந்தது. ஒவ்வொரு மணிக்குள்ளும் ஒரு கறுப்புப் புள்ளி. மார்ச்சில் புள்ளிகள் நீண்டு காற்புள்ளி வடிவம் ஆயின. ஜூனில், கலலூ நாற்று பாத்தியில் வேர் பிடிக்கும் அதே வாரங்களில், சுண்டுவிரல் நகம் அளவுத் தவளைகள் கற்படியில் ஏறி வெளியே வந்தன. மூடாக்குப் புல் விழும்போது அவை அதன் அடியில் குடியேறிவிடும். புல்லுக்குள் நத்தை இருக்கும், நத்தையைத் தின்னத் தவளையும் இருக்கும். முதல் ஒரு மாதம் மட்டும் இரவில் டார்ச்சும் வாளியுமாகப் போய் நானும் கணவரும் கையால் பொறுக்குகிறோம். அதற்கு மாற்று எதுவும் எங்களுக்கு அகப்படவில்லை.

குப்பைக்குழியின் மேல் போட்ட கறுப்புப் பாலிதீனைத் தூக்கினால் ஸ்லோ வோர்ம் இருக்கும். பார்த்தவுடன் பாம்பு என்றுதான் தோன்றும். கால் இல்லாத பல்லி அது. வழவழப்பான வெண்கல நிறம், முதுகில் மெல்லிய கருங்கோடு. நின்று கவனித்தால் கண் இமைக்கும், பாம்புக்கு இமை கிடையாது. சிறு நத்தைகள்தான் அதன் சாப்பாடு. சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிர் என்பதால் குழியைக் கிளறுவதற்கு முன் பாலிதீனை மெல்லத் தூக்கி, அது நழுவிப் போகும் வரை காத்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அது பெரிய வேடிக்கை. அவர்களுக்கு அம்மா ஜமைக்காவின் தேசியப் பறவையான டாக்டர் பேர்டைப் பற்றிச் சொல்வார். தன் உடம்பைவிட நீளமான இரட்டை வால் இழையோடு பறக்கும் தேன்சிட்டு அளவுப் பறவை. இங்கே அவர் தோட்டத்தில் வந்து கத்துவது எங்கள் ஊர்ப் பச்சைக்கிளி. லண்டனில் கூண்டிலிருந்து தப்பிய கிளிகள் பெருகி இப்போது ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஆப்பிளையும் சூரியகாந்தியையும் நாசம் செய்யும், கலலூவைத் தொடுவதில்லை.

மற்ற பயிர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஸ்காட்ச் பானட்டுக்குப் பொறுமை வேண்டும். ஜனவரி கடைசியிலேயே விதைக்க வேண்டும், அதுவும் சூடேற்றும் தட்டின்மேல், 25 டிகிரிக்குக் குறையாமல். முளைக்கவே சில சமயம் நாலு வாரம் ஆகும். கண்ணாடிக் குடிலுக்குள் தொட்டியில் வளர்த்தால்தான் செப்டம்பரில் மஞ்சளாகப் பழுக்கும். வெளியே நட்டால் பச்சைக் காயோடு குளிர்காலம் வந்துவிடும். அசுவினி பிடித்தால் விரலால் நசுக்கித் தண்ணீர் பீய்ச்சுவேன். நவம்பரில் ஒரு சாண் விட்டுக் கவாத்து செய்து, வீட்டுக்குள் கொண்டுவந்து, மண் காய்ந்த பிறகு கொஞ்சமாகத் தண்ணீர் விட்டால் அடுத்த ஆண்டு சீக்கிரம் காய்க்கும். காரம் நம் குண்டுமிளகாயைவிடப் பல மடங்கு, ஆனால் பழ வாசனை அதற்குத்தான் உண்டு. அந்த வாசனைக்காகத்தான் இவ்வளவு பாடும்.

தைம், வெங்காயத்தாள் இரண்டுக்கும் லண்டன் குறை வைப்பதில்லை. தைமுக்கு மட்டும் களிமண்ணில் பாதிக்குப் பாதி சரளை கலக்க வேண்டும்.

சோ சோ, சாரல், துவரை மூன்றும் இங்கே கொடியும் இலையுமாகச் செழிக்கும், காய்க்காது. குளிர் மட்டும் காரணம் இல்லை. ஜூனில் லண்டனில் பகல் பதினாறரை மணி நேரம். செயின்ட் எலிசபெத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலே 13 மணிக்குச் சற்று மேல். விழுப்புரத்தில் 13ஐ எட்டாது. இந்தச் செடிகள் பகல் சுமார் 12 மணி நேரமாகச் சுருங்கினால்தான் பூக்கும். லண்டனில் அது செப்டம்பர் கடைசி. பூத்துப் பிஞ்சு பிடிப்பதற்குள் உறைபனி வந்து கொடியைக் கறுக்க வைத்துவிடும். சௌசௌ கொடி கொட்டகை முழுவதும் ஏறி நின்றும் ஒரு காய் கிடைக்கவில்லை. ஆனால் இளந்தளிரை வதக்கிச் சாப்பிடலாம், ருசியாகவே இருக்கும். சாரல் செடியில் இலையைக் கிள்ளிப் புளிச்சக்கீரைத் துவையல் அரைத்தேன். அம்மா அந்தச் செடியின் இலையைச் சாப்பிட்டுப் பழகியவர் இல்லை. சோற்றில் பிசைந்து நல்லெண்ணெய் விட்டுக் கொடுத்ததும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார். கிறிஸ்துமஸ் பானத்துக்குக் காய்ந்த புல்லிதழைக் கடையில்தான் வாங்குகிறோம். துவரையை அடியோடு விட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமைத் தேங்காய்ப்பால் சோற்றுக்குச் சிவப்பு ராஜ்மா போதும் என்று அம்மாவே சொல்லிவிட்டார். ராஜ்மாவின் கொடி இங்கே ஆகஸ்டில் காய்த்து, செப்டம்பரில் தோல் உலர்ந்துவிடும். ஊறவைத்து, முதல் 10 நிமிடம் தளதளவென்று கொதிக்க விட்டுத்தான் மேற்கொண்டு வேகவைக்க வேண்டும், அதன் நஞ்சு மிதமான சூட்டில் போகாது.

கலலூ அறுவடை ஜூலை தொடக்கத்தில். முதலில் நடுநுனியை ஒரு சாண் கிள்ளுகிறோம். அதற்குக் கீழே ஒவ்வொரு இலைக்கக்கத்திலிருந்தும் கிளை வரும். அப்புறம் வாரம் ஒருமுறை கிளைநுனிகளை மட்டும் எடுத்தால் செப்டம்பர் வரை இலை கிடைக்கும். பூங்கதிர் தலைகாட்டியதும் உடனே கிள்ளிவிட வேண்டும், விட்டால் இலை சிறுத்துத் தண்டு நாராகும்.

சமையல் அம்மாவுடையது, உரிப்பது என் வேலை. தண்டின் மேல்தோலை அடியிலிருந்து நகத்தால் பிடித்து இழுத்தால் நூலாக உரிந்து வரும், உள்ளே கண்ணாடி போலப் பச்சை. நம் ஊர்த் தண்டுக்கீரைக்குச் செய்வதுதான். இலையையும் தண்டையும் உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் அமிழ்த்தி வைப்பார், ஒளிந்திருக்கும் பூச்சி மிதந்து வந்துவிடும். பிறகு பொடியாக நறுக்கி, எண்ணெயில் வெங்காயம், பூண்டு, வெங்காயத்தாள், தைம், தக்காளி வதங்கியதும் கீரையைக் கொட்டி மூடிவிடுவார். அலசிய ஈரமே போதும். மேலே ஒரு முழு ஸ்காட்ச் பானட்டைக் காம்போடு வைப்பார். அது வெடிக்காமல் பார்த்துக்கொள்வதில்தான் கைப்பக்குவம். வாசனை இறங்கும், காரம் இறங்காது. கடைசியில் முந்தின இரவே ஊறவைத்து, வேகவைத்து, முள் நீக்கி உதிர்த்த உப்பு மீன். காட் மீன் கருவாடு. வட அட்லாண்டிக்கில் பிடித்து உப்பிட்டு, கரும்புத் தோட்டங்களில் அடிமைப்படுத்தப்பட்ட மக்களுக்கு மலிவு உணவாக இறக்கிய மீன் அது. இன்று ஜமைக்காவின் தேசிய உணவே அந்த உப்பு மீனும் அக்கீ என்கிற பழமும்தான்.

அந்த மக்களுக்குத் தோட்ட முதலாளிகள் கரும்பு விளையாத மேட்டு நிலங்களை ஒதுக்கிக் கொடுத்து, உங்கள் சாப்பாட்டை நீங்களே விளைவித்துக்கொள்ளுங்கள் என்று விட்டார்கள். வாரத்தில் கிடைத்த ஓய்வு நேரத்தில் அங்கே வள்ளிக்கிழங்கும் சேம்பும் கீரையும் போட்டார்கள், மிஞ்சியதை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் விற்றார்கள். 1838இல் விடுதலை வந்த பிறகு பலர் அப்படிப்பட்ட மேட்டு நிலங்களில்தான் சொந்தக் காணி வாங்கிக் குடியமர்ந்தார்கள். அம்மாவின் குடும்பக் கதையும் அப்படித்தான் போகிறது. 1845இல் ஓல்டு ஹார்பர் விரிகுடாவில் கப்பலிலிருந்து இந்தியக் கூலிகள் இறங்கினார்கள். ஜமைக்கா அடுப்பில் ஆட்டுக்கறிக் குழம்பு ஏறியது அவர்களால். அம்மா கறிப்பொடியை எண்ணெயில் கருகாமல் பொரித்து எடுக்கும்போது வருகிற வாசனைக்கு என் பாட்டி வீட்டு அடுப்படி நினைவு வராமல் இருக்காது. அதில் நம்மூர்ப் பொடியில் சேராத பிமென்டோவும் இருக்கும். கிராம்பு, பட்டை, ஜாதிக்காய் மூன்றும் சேர்ந்தது போன்ற அந்த மணியின் தாயகமே கரீபியனும் நடு அமெரிக்காவும்தான்.

அக்டோபரில் விதை எடுக்கிறோம். ஆகஸ்டிலிருந்தே பாத்தியின் ஓரத்தில், நல்ல பச்சை இலையும் தாமதமாகப் பூக்கும் குணமும் உள்ள நாலைந்து செடிகளைக் கிள்ளாமல் விட்டுவிட வேண்டும். சீக்கிரம் பூத்த செடியில் விதை எடுத்தால் அடுத்த ஆண்டு எல்லாமே சீக்கிரம் பூக்கும். கதிரை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, கறுப்பு மணி உதிர்ந்தால் பக்குவம். காய்ந்த நாளில் வெட்டி, தலையணை உறைக்குள் தலைகீழாகப் போட்டுக் கட்டி, ஒரு வாரம் வீட்டுக்குள் தொங்கவிட்டு, உறையோடு தட்டி, மாவுச் சல்லடையில் சலித்து, முறத்தில் மெல்லப் புடைத்தால் பதர் போய்விடும். முறம் ஊரிலிருந்து கொண்டுவந்தது. அம்மாவுக்குப் புடைக்கச் சொல்லிக் கொடுத்தேன், இப்போது என்னைவிட நன்றாகப் புடைக்கிறார்.

பாத்தியில் விட்டுவைத்த மிச்சக் கதிர்களுக்குக் குளிர்காலத்தில் கோல்டுபிஞ்ச் குருவிகள் கூட்டமாக வரும், அதனால் மார்ச் வரை தண்டை வெட்டுவதில்லை. அவை சிந்தியது மே மாதம் தானாக முளைக்கும், ஆனால் நாற்றுவிட்டு நடுவதைவிட இரண்டு வாரம் பின்தங்கித்தான் வரும். மட்கிய மூடாக்கை அப்படியே விட்டு அதன்மேல் ஒரு அடுக்கு உரம் கொட்டினால் பாத்தி அடுத்த பருவத்துக்குத் தயார். இந்தக் குளிர்காலத்தில் வேலியோரப் புல் வளரும் துண்டை இன்னும் ஒரு மீட்டர் அகலப்படுத்தப் போகிறோம். பூசணி பாத்திக்கும் மூடாக்கு போட இப்போது கிடைக்கும் புல் போதவில்லை.